திக்குன்னு இருக்கணும்

மூன்றாவது டிரம் சரியில்லை. உப்பளத்து பேண்டு செட்டு இன்னும் மைதானத்துக்குள் முழுசாக வந்து சேரவில்லை, டிரம்பெட் ஊதுகிற முதல் வரிசைதான் பந்தல் வாசலைத் தாண்டி வெயிலுக்கு வந்திருக்கிறது, அதற்குள் பிரிசில்லாவின் காதில் அது விழுந்துவிட்டது. பின்னால் நான்கு பெரிய டிரம்கள் வருகின்றன. மூன்று ‘தும்’ என்கின்றன, ஒன்று ‘பொத்’ என்கிறது. ஈர மணலில் யாரோ காலை வைத்த மாதிரி ஒரு பொத். ஏட்டி, காதை நம்பாதே, என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். காலையிலிருந்து ஒவ்வொரு செட்டாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருக்கும், இல்லாவிட்டால் மேசைக்கு விரித்த வெள்ளைத் துணி காற்றில் படபடக்கிற சத்தமாக இருக்கும். முழங்கையால் துணியை அமுக்கிப் பார்த்தாள். துணி அடங்கியது, பொத் அடங்கவில்லை. சேலையில் குத்தியிருந்த ரோஸ் ரிப்பன் பூ தாடையில் வந்து இடித்தது. அதில் தங்க எழுத்தில் ‘நடுவர்’ என்று போட்டிருந்தது. காலையில் அதைக் குத்திக்கொள்ளக் கொடுத்த கமிட்டிக்காரர், “ஊசி பாத்து, மேடம்,” என்று சொன்னபோது அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது, அந்தச் சிரிப்பு இப்போது ஏனோ நினைவுக்கு வருகிறது. பொத். மறுபடியும். தொய்ந்த தோல், திருகு இளகிய டிரம். அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது, கேலரியில் ஜனம் விசிலடித்துக்கொண்டிருக்கிறது.

அவளுக்கு இந்த நாற்காலி வந்த கதையே ஒரு கூத்து. தூத்துக்குடிப் பக்கத்து பேண்டு செட்டுகளைப் பற்றி வெளியூர்க்காரருக்குச் சொன்னால் சிரிப்பார்கள். சப்பரத்துக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதிக் கொட்டுகிற தெருப்பிள்ளைகள் வருஷத்தில் ஒரு நாள் இஸ்திரி போட்ட சீருடையில் மைதானத்தில் இறங்கி, செட்டுக்கு ஒரு கதையை நடந்தும் ஓடியும் கொட்டியும் காட்டி மோதிக்கொள்வார்கள். அந்த ஒரு நாளைப் பற்றி மீதி நாளெல்லாம் சண்டை நடக்கும், டீக்கடையில், மீன் ஏலத்தில், வாட்ஸாப்பில். யாருக்கு மார்க்கு கூடிப்போச்சு, எந்த நடுவர் யாருக்கு மச்சினன், கொட்டுறத விட்டுட்டு சினிமா காட்டுறானுவ என்று கிழடுகள், கொட்டு மட்டும் கேட்கணும்னா ரேடியோ போதுமே என்று இளசுகள். அந்தச் சண்டையில் பிரிசில்லாவின் நாக்குக்குத் தனி மரியாதை. பகலெல்லாம் துறைமுகத்து கிளியரிங் ஆபீஸில் சரக்குப் பெட்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் மொட்டைமாடியில் போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் பேசுவாள். வீடியோவுக்கு ‘கொட்டும் பேச்சும்’ என்று பெயர். சின்ன வயசில் லாசர் தெரு செட்டில் சைடு டிரம் அடித்தவள், அதனால் பேச்சில் சரக்கு இருந்தது, சரக்கைவிட உறைப்பு அதிகம். இப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற தனிஸ்லாஸ் மாஸ்டரை, போலீஸ் பேண்டிலிருந்து ஓய்வுபெற்ற அந்த மனுஷரை, பொத்தான் எண்ணுகிறவர் என்று ஊரே கூப்பிடுகிறதென்றால் அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான். “மாஸ்டருக்குக் காது எதுக்கு, சட்டையில பொத்தான் சரியா இருந்தா மார்க்கு வந்துரும்,” என்று ஒரு நாள் சொன்னாள், ஊர் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. கடைசியில் கமிட்டி யோசித்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, ஒருத்தி வாயை மூட நாற்காலி இருக்கிறதே. கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். மாஸ்டருக்கு சீருடையும் நடையும், அந்தக் கடைசியில் இருக்கிற பாட்டு டீச்சருக்கு வாசிப்பு, பிரிசில்லாவுக்குக் காட்சி. காலையில் வந்ததும் மாஸ்டர் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து நீட்டினார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதை வாங்கி வாயில் போட்டபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் அந்தக் காரம் நாக்கடியில் நிற்கிறது.

பொத். செட்டு நடுமைதானத்துக்கு வந்துவிட்டது. கதை என்னவென்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள், புயலில் மாட்டின தோணி, கரையில் ஒரு கலங்கரை விளக்கம். பிள்ளைகள் நீலத் துணியை விரித்து அலையாக ஓடுகிறார்கள், டிரம்பெட்டுகள் காற்றாக ஊளையிடுகின்றன. நல்லாத்தான் இருக்கிறது, போன வருஷத்தைவிட எவ்வளவோ நல்லா இருக்கிறது, அதை எழுதலாம், எழுது. பேனா நகரவில்லை. டிரம் வரிசை திரும்பியபோது அவளால் பார்க்க முடிந்தது. நான்கு டிரம்மின் உடம்பிலும் ஒவ்வொரு படம் வரைந்திருந்தது, மீன், சங்கு, நங்கூரம், தோணி. நங்கூரம்தான். அதன் மேல் கோல் விழும்போதுதான் அந்தச் சத்தம். எல்லாம் கொண்டல் காற்றின் வேலை. மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து ஈரத்தோடு வருகிற காற்று, பொரித்த அப்பளமே நமத்துப்போகும், ஆட்டுத்தோல் என்ன ஆகும்? பிளாஸ்டிக் தோலாக இருந்தால் காற்று ஒன்றும் செய்யாது. எல்லாச் செட்டும் பிளாஸ்டிக்குக்குப் போய் எவ்வளவோ காலமாச்சு, இவர்கள் மட்டும் ஏன் திரும்பவும் ஆட்டுத்தோலுக்கு வந்தார்கள்? இந்த இடத்தில் பிரிசில்லாவின் நினைப்பு முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றது. ஏன் என்று அவளுக்குத் தெரியும். “பிளாஸ்டிக் தோலு பிளாஸ்டிக் மாதிரிதான் பேசும்,” போன தடவை போட்டி முடிந்த வாரம், மொட்டைமாடியில், கொடியில் காய்கிற துணிகளுக்கு முன்னால் நின்று அவள் வாயால் சொன்னது. “பெரிய டிரம்மு கடல் மாதிரி உறுமணும். நல்ல தோலாப் போட்டு, திருகக் கொஞ்சம் இளக்கி விட்டுப் பாருங்கடே, அடிவயித்துல கேக்கும்.” எவ்வளவோ பேர் பார்த்தார்கள், கைதட்டுகிற படம் போட்டார்கள், உப்பளத்து செட்டுக்காரன் ஒருவன் ‘குறிச்சிக்கிட்டோம்க்கா’ என்று போட்டிருந்தான். அவள் அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டாள். குறித்துக்கொண்டார்கள். தோலை மாற்றினார்கள், திருகை இளக்கினார்கள், நங்கூரத்தில் கொஞ்சம் கூடுதலாக இளக்கியிருப்பார்கள், மீதியைக் கொண்டல் இளக்கிவிட்டது. அதனால் என்ன, ஒரு டிரம் தொய்வாகக் கேட்டால் யார் குடி முழுகிப்போகிறது? பாட்டு டீச்சர் ஒரு மார்க்கு குறைப்பார், அவ்வளவுதானே. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டே அவள் கண் அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணைத் தேடியது.

ஜெனோவா. சைடு டிரம் வரிசையின் ஓரத்தில், எல்லாரையும்விடக் குள்ளமாக, இறுக்கிப் பின்னிய ரெட்டைச் சடையோடு நிற்கிறாள். அவள் டிரம்மின் முகப்பில் மட்டும் ஒரு வட்டக் கண்ணாடி ஒட்டியிருக்கிறது. பத்தாவது படிக்கிறாள், அம்மா உப்பு வாருகிற வேலை, அப்பா இல்லை. இதெல்லாம் அந்தப் பிள்ளையே சொன்னது. ஒரு மத்தியானம் பள்ளிக்கூடச் சீருடையோடு துறைமுகத்து வாசல் வரைக்கும் வந்து, டீக்கடையில் நின்றிருந்த பிரிசில்லாவைக் கண்டுபிடித்து, முதலில் சிரித்தது, பிறகு தரையைப் பார்த்தது. “எக்கா, எங்க செட்டப் பத்தி ஒரு நல்ல வார்த்த பேச மாட்டீயளா? எங்களுக்குக் கத்துக்குடுக்குற ரூஸ்வெல்ட் சார் நீங்க பேசுறத ஒண்ணு விடாம கேப்பாவ. எல்லாரையும் பேசுதீய, எங்கள மட்டும் நல்லா நடந்தாங்க, நல்லா அடிச்சாங்கன்னு விட்டுருதீய.” பிரிசில்லாவுக்குச் சிரிப்பு வந்தது. டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டே சொன்னாள், யோசித்துக்கூடச் சொல்லவில்லை, “பத்திரமா ஆடுனத யாரு மக்ளே ஞாபகம் வச்சிருப்பா? பாக்குறவனுக்கு நெஞ்சு திக்குன்னு இருக்கணும்.” பிள்ளை அந்த வார்த்தையை வாய்க்குள் போட்டு ருசி பார்த்தாள். “திக்குன்னு இருக்கணும்.” அப்புறம், “சரிக்கா,” என்றாள். கடையில் ஒரு சாமான் கேட்டு, இந்தா என்று கொடுத்ததும் வாங்கிக்கொண்டு போகிற மாதிரி. பிஸ்கட் ஒடிந்து டீக்குள் விழுந்துவிட்டது. அதை விரலால் துழாவி எடுக்கப் பார்த்தாள், அது கரைந்து அடியில் போய்விட்டது, நிமிர்ந்து பார்த்தபோது பிள்ளை ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள், இரண்டு பக்கமும் பார்க்காமல், லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே போனான். பாத்துப் போ மக்ளே என்று கத்தினாளா? கத்தினதாகத்தான் ஞாபகம். இல்லை, கத்த வாயெடுத்தபோது வாயில் டீ இருந்தது. கத்தினாளா, நினைத்ததோடு சரியா, அது மட்டும் பிடிபடவே இல்லை. அந்த ரோடும் அந்த ஹாரனும் அந்தக் கரைந்துபோன பிஸ்கட்டும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

புயல் முடிகிறது. நீலத் துணியைச் சுருட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகள் ஓரத்துக்கு ஓட, நடுவில் தடித்த பையன்கள் கூடுகிறார்கள். பிரிசில்லாவுக்குப் புரிந்துவிட்டது. ஆள் மேல் ஆள் ஏறிக் கலங்கரை விளக்கக் கோபுரம் கட்டப்போகிறார்கள். பையன்கள் மூன்று கூட்டமாக நெருங்கி நின்று, கூட்டத்துக்கு ஒரு பெரிய டிரம்மாக, தோல் மேலே பார்க்கும்படி படுக்கைவாட்டில் தோளுக்கு ஏற்றினார்கள். அந்த மூன்றின் மேலும் மூன்று பேர் ஏறி நிற்பார்கள், அந்த மூவர் தோளில் நான்காவது டிரம், அதன் மேல் விளக்கு. விளக்கு யார் என்று கேட்க வேண்டியதில்லை, கண்ணாடி ஒட்டியவள்தான். நங்கூரம் எங்கே? கீழே இருக்கட்டும் மாதாவே, கீழே இருந்தால் சுற்றி அத்தனை தோள் இருக்கிறது, எப்படியும் தாங்கிக்கொள்வார்கள். முதல் டிரம் மீன். அடுத்தது தோணி. மூன்றாவதைத் தூக்குகிறவன் முதுகு மறைக்கிறது, நகருடே, நகரு. சங்கு. நங்கூரம் புல்லில் தனியாகக் கிடந்தது. டிரம் மேல் ஆள் நிற்பது ஒன்றும் புதுசில்லை, திருவிழாவில் விளையாட்டுக்கு ஏறி நிற்பார்கள், அவளே நின்றிருக்கிறாள். நடுத்தோலில் மிதித்தால் கிழியும், ஓரத்து வளையத்தில்தான் பாதத்தை வைக்க வேண்டும். அந்த வளையத்தை இழுத்துப் பிடித்திருப்பது திருகுகள். திருகு இறுக்கமாக இருந்தால் வளையம் அசையாது, இளகியிருந்தால் ஒரு பக்கம் மிதிக்க மறு பக்கம் எழும்பும். ரூஸ்வெல்ட்டுக்கு இது தெரியாதா? ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறவன், திருகும் நட்டும்தான் அவன் சோறு. தெரிந்தவன்தான், ஆனால் கடல் சத்தத்தை ஒரு நாள் யோசித்திருப்பான், கோபுரத்தை இன்னொரு நாள் யோசித்திருப்பான், இரண்டும் ஒரே டிரம்மில் வந்து சந்திக்கும் என்று யோசித்திருக்க மாட்டான். பழகினதெல்லாம் காலை வெயிலிலாக இருக்கும், அப்போது தோல் விறைப்பாக இருந்திருக்கும். மொட்டைமாடியில் சொன்னது ஒன்று, டீக்கடையில் சொன்னது ஒன்று, சொன்னவளுக்கே இப்போதுதான் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

அவள் வலது கை நாற்காலிக் கைப்பிடிக்குப் போயிருந்தது. அங்கே ஒரு சிவப்புத் துணி முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறது, காட்சிக்கு மார்க்கு போடுகிறவர் நாற்காலியில் மட்டும் அது உண்டு. முன்பொரு வருஷம் ஜால்ரா அடித்த பையன் வெயிலில் மயங்கி விழுந்துகிடக்க, செட்டு அவனைத் தாண்டித் தாண்டிப் போய் ஆட்டத்தை முடித்தது, அதற்கப்புறம் வந்த சட்டம். துணியைத் தூக்கினால் செட்டு நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நின்ற செட்டுக்கு அந்த வருஷம் மார்க்கு கிடையாது. இதுவரைக்கும் ஒரு நடுவரும் தூக்கினதில்லை, ஒருத்தர் அதில் மூக்குக் கண்ணாடி துடைத்ததாகக் கேள்வி. முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினாள். தூக்கு. தூக்கினால்? இதுவரை முன்னால் நிற்கிறது லாசர் தெரு செட்டு, அவள் அடித்த செட்டு, அவள் தம்பி பிள்ளைகள் ஊதுகிற செட்டு. உப்பளத்து செட்டு ஒன்றுதான் இன்னும் பாக்கி. தூக்கின கையோடு கேலரியில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அந்தப் பாஷையை ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். லாசர் தெருக்காரி புத்தியைக் காமிச்சிட்டா. ஆடத் தெரியாதவனுக்குத் தெரு கோணல்னு கேட்டிருக்கோம், ஆடுறவன் காலையே கட்டிப்போட்டவள இப்பத்தான் பாக்கோம். இதை அவளே சொல்லியிருப்பாள், இன்னும் ருசியாகச் சொல்லியிருப்பாள். அதுகூடப் போகட்டும். விழவில்லை என்றால்? தூக்கி நிறுத்தினபிறகு விழவில்லை என்றுதானே இருக்கும், விழுந்திருக்கும் என்று எதைக் காட்டுவாள், ஒரு பொத் சத்தத்தையா? “மாஸ்டர்,” என்று பக்கத்தில் குனிந்தாள், “அந்த நங்கூரம் போட்ட டிரம்மு தொய்வாக் கேக்கல? நடந்து வரும்போதே கேட்டுச்சு.” மாஸ்டர் திரும்பி அவள் உதட்டைப் பார்த்தார், காதைக் கொடுக்கவில்லை, உதட்டைத்தான் பார்த்தார். “அம்மா, எனக்கு இந்தக் காது ரெண்டும் போயி ரொம்ப வருசமாச்சு. கமிட்டிக்குத் தெரியாது. பொத்தானுதான் எனக்குத் தெளிவாத் தெரியும்,” என்றார். சாதாரணமாகச் சொன்னார். மாஸ்டருக்குக் காது எதுக்கு. அவள் கேலியாகச் சொன்னது அப்படியே நிஜமாக உட்கார்ந்திருந்தது, அவளுக்கு உடம்பு கூசியது. “உமக்குக் கேட்டுதுன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார் மாஸ்டர், “காட்சிக்கு நீருதான.” மைதானத்தின் மறுகோடியில் ரூஸ்வெல்ட் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். எல்லாரும் கோபுரத்தைப் பார்க்கிறார்கள், அவன் அவளைப் பார்க்கிறான். நெஞ்சு திக்கென்று இருக்கிறதா என்று முகத்தில் தேடுகிறான். தூக்குவதானால் இப்போது, ரெண்டாம் அடுக்கு ஏறுவதற்குள். ஏறினபிறகு தூக்கினால் கீழே நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான், அவன் திரும்பினால் தோள் திரும்பும், அப்புறம் துணியே தள்ளிவிட்டதாகிவிடும். இப்போது. முடிச்சு பாதி அவிழ்ந்தது. மூன்று பேர் ஏறி நின்றுவிட்டார்கள்.

இனிமேல் கூடாது. கை துணியை விட்டுவிட்டது, விட்டதும் ஒரு நிம்மதி வந்தது, சீ, என்ன நிம்மதி அது, பரீட்சைக்கு மணி அடித்துவிட்டது இனி எழுத வேண்டாம் என்கிற மாதிரி. நங்கூரம் மேலே போகிறது. கை மாறிக் கை மாறி, மூவர் தோளில் உட்கார்ந்துவிட்டது. ஜெனோவா ஏறுகிறாள். வெறுங்கால். முதல் தோள், ஒருத்தன் கைப்பிடி, இன்னொருத்தி தோள், முதுகில் சைடு டிரம்மை மாட்டிக்கொண்டு, கீழே பார்க்கவே இல்லை, அன்றைக்கு ரோட்டைக் கடந்த மாதிரிதான் ஏறுகிறாள். கேலரி அமைதியாகிவிட்டது. எங்கேயோ ஐஸ் வண்டி மணி மட்டும். ஓரத்துல வை மக்ளே, ரெண்டு காலையும் அகட்டி ஓரத்துல வை. வைத்தாள். எழுந்து நின்றாள். டிரம்மை முன்னால் இழுத்து, கோலை எடுத்து, அடிக்கத் தொடங்கினாள், மழை பிடிக்கிற மாதிரி ஒரு சின்ன உருட்டல், அது கூடிக் கூடி வந்தது. கண்ணாடியில் சாயங்கால வெயில் விழுந்து ஒரு வெளிச்சத் துண்டு கேலரி மேல் நடந்தது, முகம் முகமாக, ஜனம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறது. அப்பா, எவ்வளவு அழகு. பிரிசில்லாவால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. வெளிச்சம் மேசைக்கு வந்தது, மாஸ்டரின் பொத்தான்களில் ஏறியது, அவள் கண்ணுக்குள் வந்து நின்றது, கண்ணை இடுக்கினாள், அந்த நேரம் பார்த்து வெளிச்சம் சட்டென்று மேலே வானத்துக்குப் போய்விட்டது. வளையம் சரிந்துவிட்டது. பிள்ளையின் இடதுகால் இறங்க, வலதுகால் எழும்ப, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. உருட்டல் நிற்கவில்லை. சாய்ந்தபடியே அடிக்கிறாள். தாங்கி நிற்கிற ஒருத்தியின் வாய் திறந்து மூடுகிறது, என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. பிரிசில்லாவின் வாயில் பெப்பர்மின்ட் காரம், டீ, ஹாரன், விழட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது, ஆமாம், அவளுக்குள்ளிருந்துதான் வந்தது, விழுந்தால் இந்தப் பயம் முடிந்துவிடும் என்று, வந்த வேகத்தில் அதை மென்று விழுங்கினாள். ஜெனோவா இடது முழங்காலை மடக்கி, எழும்பின பக்கத்தை வலது குதிகாலால் அமுக்கினாள். வளையம் இறங்கியது. வெளிச்சம் கேலரிக்குத் திரும்பி வந்தது. ஜனம் ஒரே மூச்சாக மூச்சு விட்டது மேசை வரைக்கும் கேட்டது, அப்புறம் எழுந்து நின்று கத்தத் தொடங்கியது.

இறங்கிவிட்டாள். எப்படி இறங்கினாள் என்று பிரிசில்லா பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திறந்தபோது பிள்ளை புல்லில் நின்றாள், இரண்டு காலும் தரையில், செட்டு அவளைச் சுற்றிக் குதித்தது. பிரிசில்லாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆட்டம் முடிந்த கையோடு நடுவர்கள் பலகையில் மார்க்கு எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும், அது இந்தப் போட்டியின் வழக்கம், ஒளித்துவைத்துத் திருத்தக்கூடாது என்று சண்டைபோட்டு அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவள்தான். மாஸ்டர் தூக்கிவிட்டார். “அந்தச் சாய்வு நல்லா யோசிச்சு வச்சிருக்கான்,” என்றார். டீச்சரும் தூக்கிவிட்டார். ஊரே அவள் பலகையைப் பார்க்கிறது. அவள் சாக்பீஸை எடுத்தாள், குறைக்க வேண்டும் என்றுதான் எடுத்தாள், எதற்குக் குறைக்கிறாள் என்று கேட்டால் விழவில்லை என்பதைத் தவிர அவளிடம் வேறு கதை இல்லை. விழவில்லை. அதைவிடப் பெரிசு என்ன? அந்தச் சந்தோஷத்தில் கை தானாக எழுதியது, இருபதுக்கு இருபது. தூக்கினாள். கேலரி இடிந்து விழுகிற மாதிரி சத்தம். பிள்ளைகள் மேசைக்கு ஓடி வந்தார்கள். ஜெனோவா முன்னால் வந்து நின்றாள். வேர்த்துக் கொட்டுகிறது, தொடை இன்னும் ஆடுகிறது, இடதுகால் பெருவிரலில் வளையம் வெட்டின இடத்தில் ரத்தம், அவளுக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை. “எக்கா,” என்றாள், “திக்குன்னு இருந்துச்சா?” பிரிசில்லா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அந்த நங்கூர டிரம்மு தொய்ஞ்சிருக்கு மக்ளே, இனிமே அதுல ஏறாத, என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் ரூஸ்வெல்ட் வந்து பிள்ளையின் தலையில் கை வைத்தான். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. “கடைசில ஒரு சாய்வு வந்துச்சுல்லா மேடம், சத்தியமா அது நாங்க வைக்கல, அதுவா வந்துச்சு. நீங்க அதுக்குத்தான் முழுசாப் போட்டீயன்னு எனக்குத் தெரியும். அடுத்த வருசம் வச்சே ஆடிருவோம்.” “சார், இன்னொரு அடுக்கும்,” என்றாள் ஜெனோவா. டிரம்மப் பத்தி ஒண்ணு சொல்லணும் என்று பிரிசில்லா சொன்னாள், சொன்னாள்தான், விசிலுக்குள் அது யார் காதிலும் விழவில்லை, செட்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அவர்கள் போன வழியில் மைதானம் திறந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், லாசர் தெரு செட்டு. தோற்றுவிட்டோம் என்று தெரிந்து கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றி வைத்து உட்கார்ந்திருந்தார்கள். இப்போது எழுந்துவிட்டார்கள். அவர்களுடைய வாத்தியார் கையை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து எதையோ அளந்து காட்டுகிறார், மூன்று, அதற்கு மேல் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. பையன்கள் சிரித்துக்கொண்டே ஒருத்தன் தோளில் ஒருத்தன் ஏறிப் பார்க்கிறார்கள். எல்லாருக்கும் கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்து, யார் மேலே போவது என்று கையை உயர்த்திக் கேட்கிறவள் அவள் தம்பி மகள், ஏழாவது படிக்கிறாள், எடை குறைவு. பிரிசில்லா கைப்பிடியில் பாதி அவிழ்ந்து கிடந்த முடிச்சை முழுசாக அவிழ்த்தாள். எழுந்து நின்று சிவப்புத் துணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள், கொண்டல் காற்றில் அது நன்றாக விரிந்தது. கேலரியில் யாரோ அதைப் பார்த்துவிட்டு, நடுவரே குஷியாகிவிட்டார் என்று நினைத்து, பதிலுக்குத் துண்டை எடுத்துச் சுழற்றினான், அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் சுழற்றினார்கள். மாஸ்டர் அவளை அண்ணாந்து பார்த்தார். “ஆட்டம் முடிஞ்சிட்டேம்மா,” என்றார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மூன்றாவது பையன் ஏறிக்கொண்டிருந்தான். அவள் கையை இறக்கவில்லை.